டிரம்மா, செங்கல்லா, பக்க அடுப்பா? வீட்டிலேயே ஸ்மோக்கர் செய்ய நினைப்பவர்களுக்கு

சுக்கா, கோலா, எலும்பு ரோஸ்ட் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆட்டுத் தொடையை முழுசாக வைத்து, தீ நேரே படாமல், புகையிலேயே ஐந்தாறு மணி நேரம் வேகவிடுவது வேறு வேலை. அப்படி வேகவைக்கும் பெட்டிதான் ஸ்மோக்கர். அதற்குள் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடு நிற்க வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். இதற்கு வீட்டில் செய்யக்கூடியவை மூன்று: 200 லிட்டர் இரும்பு டிரம், செங்கல் கட்டடம், பக்கத்தில் தனி அடுப்புப் பெட்டி வைத்த படுக்கை உருளை. நான் டிரம்தான் செய்தேன். திரும்பச் செய்தாலும் அதுதான், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன்.

பார்க்க அழகு பக்க அடுப்பு. ஒரு பக்கம் விறகு எரியும், புகை உருளைக்குள் போய் மறுமுனைக் குழாய் வழியாக வெளியேறும். விறகின் மணம் கறியில் ஏறுவதில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் ஒழுங்காக வேலை செய்ய 6 மி.மீ. தகடு வேண்டும், அது ஒரு சதுர மீட்டருக்கே 47 கிலோ. கப்பலூரிலோ புதூரிலோ எந்தப் பட்டறையில் கேட்டாலும் தகடு எடை போட்டுத்தான் விலை. செலவைக் குறைக்க மெல்லிய தகட்டில் செய்தால், ஆடிக் காற்றில் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் ஆறிக் கிடக்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை விறகும் போட வேண்டும், ஆள் நகர முடியாது.

செங்கல் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. அலங்காநல்லூர் பக்கம் நண்பர் ஒருவரின் தோப்பில் கட்டியதில் கூட நின்று சமைத்ததோடு சரி. ஒன்பது அங்குலச் சுவர் சூடாக நேரம் எடுக்கும், சூடாகிவிட்டால் எளிதில் இறங்காது. தீ படும் இடத்தில் சிமென்ட் பூச்சு விரிசல் விடும், அங்கே களிமண்ணும் மணலும் குழைத்த சாந்துதான் நிற்கும். கிடாவெட்டு வைத்து ஐம்பது பேருக்குப் போட வேண்டுமென்றால் செங்கல்லுக்கே என் ஓட்டு. ஆனால் இரும்புக் கதவும் செங்கல் விளிம்பும் எங்கேயும் கச்சிதமாகப் பொருந்தவில்லை. கதவின் இடுக்கு வழியாகப் புகை கசிந்துகொண்டே இருந்தது. எனக்கு முடிவு அந்த இடுக்கில்தான் கிடைத்தது.

ஏனென்றால் ஸ்மோக்கரில் சூட்டைத் தீர்மானிப்பது கரியின் அளவு அல்ல, காற்று. கூடை நிறையக் கரி இருந்தாலும், உள்ளே போகிற காற்றின் அளவுக்குத்தான் அது எரியும். அதனால் காற்று எந்த வழியாக வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த வழி உங்கள் கைக்குள் இருக்க வேண்டும். ஓட்டை விழுந்த பெட்டியில் வால்வைத் திருகிப் பயனில்லை. டிரம்மில் இது எளிது. உடம்பில் உள்ள மூட்டுகள் தொழிற்சாலையிலேயே அடைத்தவை. தனியாகக் கழலும் மூடி, அதை இறுக்க ஒரு வளையம், அவ்வளவுதான். நாம் போடும் துளைகள் மட்டுமே காற்றுக்கு வழி.

அடியிலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில் முக்கால் அங்குலத் துளைகள் மூன்று போடுங்கள். இரண்டுக்குத் திருகு மூடி, ஒன்றுக்கு, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் பால் வால்வு (ball valve). புகை வெளியேற மேல்மூடியில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு அங்குல வாயே போதும். அதை எப்போதும் முழுசாகத் திறந்து வையுங்கள். மேலே அடைத்தால் புகை தேங்கி, கறியில் கசப்பும் கரியும் படியும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ் வால்வில் மட்டும்.

கரிக்கூடையின் அடிக்கும், கறி வைக்கும் கம்பித் தட்டான கிரில்லுக்கும் இரண்டடி இடைவெளி வேண்டும். கூடை நிறையப் பற்றவைக்காத கரியைப் போட்டு, நடுவில் கைப்பிடி கனிந்த தணல் வைத்தால், அது சுற்றியிருப்பதை மெல்ல மெல்லப் பற்றவைத்துக்கொண்டு போகும். முதலில் வருவது கெட்டியான வெள்ளைப் புகை, அப்போது கறியை வைக்காதீர்கள். அது மெலிந்து, வெயிலில் பார்த்தால் இளநீலமாகத் தெரிய வேண்டும். அதற்கப்புறம் வைக்கலாம். கொழுப்பு தணலில் சொட்டி எழும் மணம் டிரம்முக்கே உரியது.

கரிக்கு நம்மூரில் பஞ்சமில்லை. சீமைக் கருவேலம் டெக்சாஸ்காரர்கள் கறி சுடும் மெஸ்கீட்டுக்கு நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள். விறகாக எரித்தால் புகை காட்டம், கரியாக்கினால் நின்று எரியும். மணத்துக்குக் காய்ந்த கொய்யா அல்லது மாங்கட்டை இரண்டு மூன்று துண்டு போதும். பெயின்ட் அடித்த பலகை வேண்டாம். அரளி குச்சியளவுகூட வேண்டாம், அது விஷம்.

டிரம் வாங்கும்போது ஒன்றில் கறாராக இருங்கள்: உள்ளே முன்பு என்ன இருந்தது? ரசாயனம், பூச்சிமருந்து வந்தது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். சமையல் எண்ணெய், மாம்பழக்கூழ் வந்ததைத் தேடுங்கள். உட்புறம் பூச்சு இருந்தால் பெரிய விறகுத் தீ மூட்டி முழுசாக எரித்து, கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். இந்த வேலையைத் திறந்தவெளியில், புகை போகும் பக்கம் நிற்காமல் செய்யுங்கள். கூடைக்கும் கிரில்லுக்கும் ஜி.ஐ. கம்பி ஆகாது, சூட்டில் துத்தநாகப் பூச்சு உரிந்துவிடும்.

டிரம்மின் குறை துரு. தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மழையில் அடித்தகடுதான் முதலில் போகும். ஆறியதும் சாம்பலைக் கொட்டி, உட்புறம் கடலை எண்ணெய் தடவிச் சூடேற்றி, தார்ப்பாய் போட்டு வைக்கிறேன். இப்படிப் பார்த்துக்கொண்டால் எத்தனை வருஷம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு என் டிரம்முக்கு வயதாகவில்லை. ஆனால் அடி ஓட்டையானால் வேறு டிரம் வாங்கிக்கொண்டு, வால்வு, கூடை, கிரில் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். செங்கல்லில் சுவர் பிளந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: காலி டிரம் சுமார் இருபது கிலோதான், வீடு மாறும்போது கூடவே வரும்.

பழைய இரும்புக் கடையில் டிரம் எடுக்கும்போது மூடி, இறுக்கு வளையம், அதன் போல்ட் மூன்றும் அந்த டிரம்முக்கே உரியதா என்று அங்கேயே பூட்டிப் பாருங்கள். விளிம்பில் நசுங்கல் இருந்தால் வேறு டிரம் எடுங்கள், அதைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.