கலப்புக் கரைப்பான்: மெர்காப்டன் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் யோசியுங்கள்

இயற்கை எரிவாயு ஆலையில் அமீன் யூனிட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாயுவில் கலந்திருக்கும் அமில வாயுக்களை, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடையும் கார்பன் டை ஆக்சைடையும், ஒரு திரவத்தால் கழுவி எடுக்கும் பகுதி அது. முதலில் தண்ணீரில் கரைத்த எம்.டி.இ.ஏ. என்ற அமீன் ஓடியது, அப்புறம் சல்ஃபோலேன் என்ற இன்னொரு கரைப்பானும் சேர்ந்த கலவைக்கு மாறினோம். அதே கோபுரங்கள், அதே பம்புகள், உள்ளே ஓடும் திரவம் மட்டும் வேறு. ஒப்பிட்டுச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகைக் கரைப்பான் எதை வாங்கினாலும் எதிர்பார்க்க வேண்டியதைத்தான் சொல்லப் போகிறேன்.

சரக்கில் இருப்பவை மூன்று: அமீன், சல்ஃபோலேன், தண்ணீர். இந்த யோசனை புதிதல்ல. ஷெல் நிறுவனம் 1960களிலேயே சல்ஃபினால் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்துவிட்டது. பழைய கலவையில் டி.ஐ.பி.ஏ. என்ற அமீனும் சல்ஃபோலேனும் ஏறத்தாழ 40 சதவீதம் வீதம் இருக்கும், மிச்சம் தண்ணீர். பின்னால் வந்த எம் வகையில் எம்.டி.இ.ஏ., எக்ஸ் வகையில் அதோடு பிப்பரசீன் என்ற வேகமூட்டியும் உண்டு. இரண்டு கரைப்பான்களும் செய்யும் வேலை வேறு. அமீன் அமில வாயுவோடு வேதிவினை புரிந்து பிடித்துக்கொள்கிறது. சல்ஃபோலேன் சும்மா கரைத்து வைத்துக்கொள்கிறது. பேருந்தில் உட்காரும் இடம் அமீன், நிற்கும் இடம் சல்ஃபோலேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்போது நிற்கும் இடத்தால் பிரயோஜனம் இல்லை. அமில வாயுவின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) ஏறும்போதுதான் அது கைகொடுக்கும்.

இங்கேதான் விற்பனைக்கு வருபவர் வேகமாகக் கடந்து போவார், நாம் நிறுத்திக் கணக்குப் போட வேண்டும். 70 பார் அழுத்தத்தில் வரும் வாயுவில் அமில வாயு 10 சதவீதம் என்றால் பகுதி அழுத்தம் 7 பார். கலவை நன்றாகச் சம்பாதித்துக் கொடுக்கும். அதே 70 பாரில் 2 சதவீதம்தான் என்றால் 1.4 பார். அங்கே அமீனே எல்லாவற்றையும் பிடித்துவிடும், சல்ஃபோலேன் சும்மா சுற்றி வரும். சுமார் 3.5 பாருக்கு மேல் போனால்தான் சல்ஃபோலேன் போல வினை புரியாமல் கரைக்கும் பௌதிகக் கரைப்பானைப் பற்றிப் பேசவே வேண்டும் என்பது இந்தத் துறையில் பழைய கைக்கணக்கு. எங்கள் அனுபவமும் அதற்கு அருகில்தான் இருக்கிறது.

கரைப்பானைக் கொதிக்கவைத்து வாயுவை வெளியேற்றும் ரீபாய்லருக்கு ஆகும் நீராவி குறையும் என்று சொல்வார்கள். உண்மைதான், காரணமும் எளிது. வெறுமனே கரைந்திருக்கும் வாயு அழுத்தம் இறங்கினாலே பெருமளவு வெளியே வந்துவிடும், பிணைப்பை உடைக்கச் சூடு தேவையில்லை. அதோடு சல்ஃபோலேனைச் சூடாக்க, அதே எடை தண்ணீருக்கு ஆகும் வெப்பத்தில் பாதிகூட ஆகாது. இந்த மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இதற்காக மட்டும் மாறியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

என்னை மயக்கியது மெர்காப்டன். வாயுவோடு வரும் இந்தக் கந்தகச் சேர்மம் மிகப் பலவீனமான அமிலம், எம்.டி.இ.ஏ. அதைச் சரியாகப் பிடிக்காது. ஹைட்ரஜன் சல்ஃபைடை 4 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, மொத்தக் கந்தகத்தில் வரம்பு மீறி நிற்கும் அவஸ்தை பல ஆலைகளுக்குத் தெரியும். வழக்கமான வைத்தியம், பின்னால் இருக்கும் மூலக்கூறு சல்லடையில் (நுண்துளைகளில் உறிஞ்சும் படுகையில்) அதைப் பிடிப்பது. சல்லடையைச் சூடான வாயுவால் மறுபடி தயார்செய்யும்போது பிடித்த மெர்காப்டன் எல்லாம் அந்த வாயுவில் சேர்ந்துகொள்ளும், அதை எங்கே அனுப்புவது என்பது அடுத்த தலைவலி. சல்ஃபோலேன் மெர்காப்டனை முதல் கோபுரத்திலேயே கரைத்து எடுத்துவிடுகிறது. கார்போனைல் சல்ஃபைடு என்ற இன்னொரு கந்தகச் சேர்மமும் அதோடு நன்றாகவே போகிறது. சல்லடையின் சுமை இறங்கியதும் அந்தப் பகுதிக்காரர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதிக்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

சரி, இப்போது குறை. சல்ஃபோலேனுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. ஹைட்ரோகார்பனையும் கரைக்கும், பென்சீன் டொலுவீன் வகையறா (அரோமாட்டிக்குகள்) என்றால் இன்னும் ஆசையாகக் கரைக்கும். பெட்ரோலிய ஆலைகளில் அரோமாட்டிக்குகளைப் பிரித்தெடுக்கவே சல்ஃபோலேனைத்தானே பயன்படுத்துகிறார்கள்! கோபுரத்தின் அடியில் வரும் ரிச் (அமில வாயு ஏறிய) கரைப்பானோடு விற்க வேண்டிய மீத்தேனும் ஈத்தேனும் கொஞ்சம் சேர்ந்தே வெளியேறும். ஃப்ளாஷ் டிரம்மில் அழுத்தத்தைக் குறைத்து அவற்றை மீட்கலாம். ஆனால் அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும், எரிபொருளாக நேராக அனுப்ப முடியாது. டிரம்மின் தலையில் சின்னதாக ஒரு உறிஞ்சு கோபுரம் வைத்து லீன் (வாயு நீக்கிய) கரைப்பானால் கழுவ வேண்டியிருக்கும். பழைய எம்.டி.இ.ஏ. யூனிட்டில் இருக்கும் டிரம் இதற்குப் போதுமா என்று முதலிலேயே பாருங்கள். பெரும்பாலும் போதாது.

அரோமாட்டிக்குகள் பெரும்பாலும் ஃப்ளாஷ் டிரம்மில் வெளியேறாது. கரைப்பானைச் சூடாக்கி வாயுவை நீக்கும் ஸ்ட்ரிப்பர் வரை போய் அமில வாயுவோடு சேர்ந்து கந்தகம் மீட்கும் யூனிட்டுக்குப் போகும். அங்கே உலையில் அவை முழுதாக எரிய ஏறத்தாழ 1050 டிகிரி செல்சியஸ் வேண்டும். அமில வாயுவில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக இருந்தால் உலை அவ்வளவு சூடாகாது. எரியாமல் தப்பித்தது வினையூக்கியின் மேல் கரியாகப் படியும், அதன் ஆயுள் குறையும். அமீன் யூனிட்டின் சௌகரியத்துக்குக் கந்தக யூனிட் பணம் கட்டுகிறது என்று அங்கே வேலை செய்யும் நண்பர் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை.

தினசரிப் பராமரிப்பில் சில விஷயங்கள். தூய சல்ஃபோலேன் 27, 28 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். அதனால் கொஞ்சம் தண்ணீர் கலந்துதான் வரும், அப்படி வந்தாலும் குளிர்காலத்தில் பீப்பாய்களைக் கவனிக்க வேண்டும். பழைய கேஸ்கெட், ஓ-ரிங், பெயின்ட் எல்லாவற்றையும் இது பதம் பார்க்கும். மாற்றும் முன்பே பொருள் பட்டியலைச் சரிபாருங்கள். ஆய்வகத்துக்கும் வேலை கூடும்: முன்பு ஒரு டைட்ரேஷனில் அமீன் அளவு தெரிந்தது, இப்போது தண்ணீரைத் தனியாக அளந்தால்தான் சல்ஃபோலேன் எவ்வளவு என்று தெரியும். தண்ணீர் குறைந்தால் திரவம் கெட்டிப்படும், ரீபாய்லர் வெப்பநிலை ஏறும், வெப்பப் பரிமாற்றிகள் திணறும். நுரை விஷயத்தில் எம்.டி.இ.ஏ.வைவிடச் சாது. ஆனாலும் லீன் கரைப்பானை உள்ளே வரும் வாயுவைவிட 5 டிகிரியாவது சூடாக வைக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

கசிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சல்ஃபோலேன் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், மண்ணில் ஒட்டாது, நிலத்தடி நீரோடு வெகுதூரம் போகும். அலாஸ்காவில் நார்த் போல் என்ற ஊரின் கிணறுகளில் 2009இல் இது கண்டுபிடிக்கப்பட்டது, அருகிலிருந்த சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது. வடிகால் தொட்டி, பம்ப் சீல், மாதிரி எடுக்கும் இடம் எல்லாவற்றையும் மூடிய அமைப்பாக மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே பாருங்கள். எந்த விலைப்பட்டியலிலும் அது இருக்காது.

என் மதிப்பீடு: அழுத்தமும் அமில வாயுவும் அதிகம், மெர்காப்டனும் உண்டு என்றால் 5க்கு 4.5. அதே வாயு, மெர்காப்டன் இல்லை என்றால் 3. கனமான ஹைட்ரோகார்பனும் அரோமாட்டிக்கும் நிறைய வரும் வாயுவுக்கு 2, அதுவும் கந்தக யூனிட் தாங்கும் என்றால்தான். இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலைக்குக் கார்பன் டை ஆக்சைடை 50 பிபிஎம்முக்குக் கீழே இறக்க வேண்டுமென்றால் எம்.டி.இ.ஏ.வும் சல்ஃபோலேனும் மட்டும் சேர்ந்த கலவை வேண்டாம். எம்.டி.இ.ஏ. கார்பன் டை ஆக்சைடை மெதுவாகத்தான் பிடிக்கும், பிப்பரசீன் சேர்ந்ததைக் கேளுங்கள். விற்பவரிடம் கையெழுத்து வாங்கும் முன் இரண்டு எண்களுக்கு எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள்: ஃப்ளாஷ் வாயுவின் அளவு, அமில வாயுவில் போகும் பென்சீன் வகையறாவின் அளவு. நீராவி மிச்சக் கணக்கு கேட்காமலே வரும்.