சிறுசேரியா, மணலியா? பத்தாண்டு அனுபவத்துடன் வேலை மாற நினைப்பவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள்: "அண்ணா, டீம் லீட் ஆக்குகிறோம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளவா, வேறு இடம் பார்க்கவா?" பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியில், வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்துதரும் பெரிய சேவை நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள், சொந்த மென்பொருளை விற்கும், ஒன்பது பொறியாளர்கள் மட்டுமே இருந்த புராடக்ட் கம்பெனியில் மூன்று ஆண்டுகள், இப்போது மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டின் கணினிப் பிரிவு. மூன்றிலும் அடிபட்டவன் என்பதால் சொல்கிறேன்.

சம்பளத்தில் புராடக்ட் கம்பெனி முதலிடம், சேவை நிறுவனம் அடுத்தது, மணலி கடைசி. பயணத்தில் அப்படியே தலைகீழ். 2021 பிப்ரவரியில் எங்கள் பகுதி வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகும், சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, திருவான்மியூரிலிருந்து பஸ் ஏறி சிறுசேரி போய்ச் சேர எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு மெட்ரோ பணி நடக்கிறது. அது ஓடத் தொடங்கியதும் இந்தப் பத்தியை அடித்துவிடலாம்.

சேவை நிறுவனத்தின் கணக்கு எளிது. கீழே புதியவர்கள் நிறைய, மேலே மூத்தவர்கள் கொஞ்சம். எட்டு வருடம் ஆனவர் வெறுமனே கோடு (நிரல்) எழுதிக்கொண்டிருந்தால், வாடிக்கையாளரிடம் வாங்கும் பில்லிங் அவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது, அதனால் மேய்க்க ஆள் கொடுத்துவிடுகிறார்கள். இருபத்தெட்டு வயதில் எனக்குக் கீழே பதினான்கு பேர். வேலையைப் பிரித்துக் கொடுப்பது, இரவு அழைப்பில் வாடிக்கையாளரின் கோபத்தைத் தாங்குவது, கழிவறையில் அழுதுவிட்டு வந்த புதியவரோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் அங்கே கற்றவை. இந்தப் பயிற்சியை மற்ற இரண்டு இடங்களும் தராது.

ஆனால் எதைச் செய்வது என்ற முடிவு கடல் தாண்டி வந்தது. ஒரு காப்பீட்டு கம்பெனியின் திரையை நான்கு ஆண்டுகள் பராமரித்தேன். அதை யாரும் பயன்படுத்தி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைவிட உறுத்துவது ஆண்டு மதிப்பீடு. அணியில் இத்தனை பேருக்குக் குறைந்த மதிப்பெண் என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். ஒருமுறை, இரண்டு இரவு விழித்து ரிலீஸை, அதாவது மென்பொருளின் புதிய பதிப்பு வெளியீட்டைக் காப்பாற்றிய பெண்ணின் பெயர் அந்த வரிசையில் விழுந்தது. கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே. அந்த ஆலையில் வேலை பார்த்தவர் என் தாத்தா. மேஸ்திரி என்றால் அவர் யார் பக்கம் நிற்பவர் என்பதுதான் எங்கள் வீட்டில் முதல் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புராடக்ட் கம்பெனியில் மேலாளர் பாதையை விட்டுத் தொழில்நுட்பப் பாதைக்குப் போனேன். எந்த டேட்டாபேஸ் என்று தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. தவறாகத் தேர்ந்தால் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்திருப்பதும் நானே. சுகமான பொறுப்பு அது. ஆனால் பெரிய நிறுவனங்களில் பிரின்சிபல் இன்ஜினியர் என்ற மூத்த தொழில்நுட்பப் பதவி வரை நீளும் ஏணி, ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் இரண்டு படியோடு கூரையில் முட்டிவிடுகிறது. கூகுள் தன் மேலாளர்களைப் பற்றி 2008இல் தொடங்கிய 'ஆக்சிஜன்' என்ற ஆய்வில், நல்ல மேலாளருக்கான எட்டுக் குணங்களில் தொழில்நுட்பத் திறனுக்குக் கடைசி இடம், நல்ல பயிற்றுநராக இருப்பதற்கு முதலிடம். இதைக் காட்டி "கோடு தெரியாவிட்டால் என்ன" என்பவர்களை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று வாடிக்கையாளரிடம் துணிந்து சொல்ல, ஏன் முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மணலிக்கு வந்த முதல் வாரம் ஒரு டிரெய்லர் ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்: "தம்பி, ஒரே வண்டி நம்பரை ஏன் மூன்று இடத்தில் எழுதி வாங்குகிறீர்கள்?" மூன்று பிரிவுகள், மூன்று பதிவுகள். ஒன்றாக்கப் பதினோரு நாள் பிடித்தது. அதில் எட்டு நாள் மூன்று பிரிவுத் தலைவர்களிடமும் பேசிச் சம்மதம் வாங்கவே போயிற்று. அவர்கள் யாரும் எனக்குக் கீழ் வேலை செய்பவர்கள் அல்லர். கேட் கிளார்க் பெரியவர் தன் வேலை போய்விடுமோ என்று பயந்து, பழைய நோட்டிலும் எழுதிக்கொண்டே இருந்தார். நான் தடுக்கவில்லை. ஒரு மழை இரவில் சர்வர் படுத்தபோது, எந்தப் பெட்டி உள்ளே, எது வெளியே என்று சொன்னது அந்த நோட்டுதான். திரை உறைந்தால் சாலையில் லாரி வரிசை நீளுவது என் ஜன்னலிலிருந்தே தெரியும். செய்த வேலை எங்கே போய் விழுகிறது என்பதை முதல்முறையாக இங்கேதான் பார்த்தேன்.

குறையும் உண்டு. நான் எழுதும் நிரலைப் படித்துத் திருத்த இங்கே மூத்தவர் யாரும் இல்லை. தொழில்நுட்பம் பழையது. ஐந்து ஆண்டு அனுபவம்கூட இல்லாதவர் வந்தால் தேங்கிவிடுவார். அப்படிப்பட்டவர்களை நான் சிறுசேரிக்கே அனுப்புகிறேன்.

பத்தாண்டு ஆனவர்களுக்கு மட்டும், எந்த இடமானாலும் நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன். கடைசி ரிலீஸில் எதைக் கைவிடுவது என்று முடிவு செய்தவர் யார்? மதிப்பெண்ணை டீம் லீட் போடுகிறாரா, போட்டுக் கொடுத்ததை வாசிக்கிறாரா? போன மாதம் வியாசர்பாடித் தம்பி ஒருவன் இரண்டையும் கேட்டிருக்கிறான். முதலாவதற்குப் பதில் கிடைத்தது. இரண்டாவதற்கு எச்.ஆர். சிரித்தாராம். அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.