புது கேம்ஷாஃப்ட்னு சொல்லி 14,500 ரூபா புடுங்கிட்டான், வேலூர் பக்கம் இருக்கறவங்க உஷார்

செம கடுப்புல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நம்மளுது டபுள் கேம் பெட்ரோல் இன்ஜின் (வால்வ தொறக்கற கேம்ஷாஃப்ட் ரெண்டு இருக்கும்), காலைல ஸ்டார்ட் பண்ணா டக்டக்னு ஒரே சத்தம், வால்வ் கவர கழட்டி பாத்தா இன்டேக் பக்க லோப் (வால்வ அமுக்கற மேடு) மூக்கெல்லாம் தேஞ்சு பள்ளம் பள்ளமா கெடக்குது. சத்துவாச்சாரி வீட்லயே ரெண்டு ஷாஃப்டையும் மாத்திக்கலாம்னு, பழசு புதுசு எல்லாம் விக்கற ஒரு ஆப்ல தேடுனேன்.

ஒருத்தன் சிக்குனான். வீடியோ கால்ல வந்து வெர்னியர் வச்சு லோப அளந்தே காட்றான், "பாக்ஸ் பீஸ்ணா, நானும் ராணிப்பேட்டைதான், ஊர்க்காரர ஏமாத்துவனா"ன்றான். அங்கதான் நம்புனேன், 14,500 ஜிபே போயிடுச்சு.

பாக்ஸ் என்னவோ புதுசுதான், உள்ள கிரீஸ் தடவி பளபளன்னு இருந்துச்சு. ஷாஃப்ட அமுக்கி புடிக்கற மூடிங்கள நம்பர்படி பேப்பர்ல அடுக்கி, நடுவுலருந்து வெளிய கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணி, செயின் மார்க் சேத்து, கையாலயே கிராங்க ரெண்டு சுத்து சுத்திட்டு வால்வ் இடைவெளி பாக்க ஃபீலர் கேஜ் வச்சா எல்லா லோப்லயும் தொளதொளன்னு போவுது. மறுபடி கழட்டி லேத் பட்டறை அண்ணன்கிட்ட குடுத்தேன், மைக்ரோமீட்டர் வச்சு பாத்துட்டு "இன்னாபா இது, தேஞ்ச ஷாஃப்ட சாணை புடிச்சு குத்துக்கீறான், மூக்குக்கு எதிர்ப்பக்க அடிவட்டமே கொறஞ்சிருக்குது, வால்வ் இடைவெளி ஏறாம இன்னா பண்ணும்"ன்னாரு. ஷாஃப்ட் முனைல இருக்கற ஆயில் ஓட்டைல குச்சி விட்டா கருப்பா ஆயில் கசடு. புது சாமான்ல கசடு எங்கருந்துடா வந்துச்சு?

ஃபோன் பண்ணா மொதல்ல "டாப்பெட் மாத்துங்கணா". அப்பறம் "வீட்ல மாட்டுனா வாரண்டி கெடையாது, மெக்கானிக் பில் இருக்கா". அப்பறம் "ஓனர் திருப்பதி போயிருக்காரு". கடைசில அண்ணா எல்லாம் போயி "யாரு நீங்க"ன்னுட்டு பிளாக். ஆப் காரன் "பேமெண்ட் எங்க மூலமா போகல சார்"னு கம்ப்ளைண்ட்ட மூடிட்டான். 14,500 ரூபாங்க, சும்மாவா வருது?

எப்படி பாத்து வாங்கணும்னு வரிசையா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. முனை ஓட்டைய பாருங்க, பார்ட் நம்பர் அழிச்சிருந்தா தொடாதீங்க, கைல வாங்கி மைக்ரோமீட்டர்ல அளக்காம காசு குடுக்காதீங்க, வால்வ் இடைவெளி சரியில்லனா இன்ஜின ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. ஆன்லைன்ல ஏமாந்து காசு போனா ஒடனே சைபர் க்ரைம் நம்பர் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915, நான் ரெண்டுலயும் போட்டுட்டேன்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுது, அதே ஃபோட்டோ, இப்ப 14,000ன்னு போட்டுக்கீறான்.