முதலில் ஒட்டுவதா, முதலில் எண்ணுவதா? பல ரேடார்களில் வலசைப் பறவைகள்

வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து டெக்சாஸ், லூசியானா கரையேறும் பறவைக் கூட்டங்களை வானிலை ரேடார்களில் பின்தொடர இரண்டு வழிகள் உண்டு. எல்லா ரேடார் படங்களையும் ஒரே வரைபடமாக ஒட்டிவிட்டு அதில் பறவைகளைத் தேடலாம். அல்லது ஒவ்வொரு ரேடாரிலும் எந்த உயரத்தில் எவ்வளவு பறவைகள் என்று தனியே கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் இணைக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். யார் கேட்டாலும் அதையே பரிந்துரைப்பேன்.

ஒட்டுப்படம் பார்த்தவுடன் புரியும், செய்வதும் எளிது. ஆனால் மழைக்காகத் தயாரிக்கப்படும் ஆயத்த ஒட்டுப்படங்களில் பறவை, பூச்சி எதிரொலிகளைக் கழித்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியதே பறவை எதிரொலிதான்! ஆகவே மூலத் தரவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் வானிலை ரேடார் வலையமைப்பான நெக்ஸ்ராட்டின் சுமார் 160 ரேடார்களின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது உயரம். ரேடார் கற்றை தொலைவு போகப் போக மேலே ஏறுகிறது, அகலவும் செய்கிறது. அரை டிகிரி சாய்வில் 100 கிலோமீட்டர் தள்ளி அதன் மையம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். தடிமனும் ஏறக்குறைய அவ்வளவே. இரவில் வலசை போகும் சிறு பறவைகள் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே பறக்கும் இரவுகள் ஏராளம். அப்போது கற்றையின் பெரும்பகுதி அவற்றின் தலைக்கு மேலே போய்விடுகிறது. வரைபடத்தில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமையாகத் தெரியும். கீழே வானம் நிறையப் பறவைகள் போய்க்கொண்டிருக்கும். இரு ரேடார்கள் சந்திக்கும் இடத்தில் விழும் ஒட்டுக்கோட்டைக் கூட்டத்தின் விளிம்பு என்று நம்பிவிடவும் வாய்ப்பு அதிகம்.

ரேடார் தரவிலிருந்து பறவைகளைக் கணக்கிடும் வால்2பேர்ட் என்ற கணினி நிரல் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே தவிர்க்கிறது. ரேடாரைச் சுற்றி 5 முதல் 35 கிலோமீட்டர் வரை மட்டும் எடுத்துக்கொண்டு, 200 மீட்டர் அடுக்குகளாக அடர்த்தி, வேகம், திசை ஆகியவற்றைத் தருகிறது. எல்லா ரேடாருக்கும் அளவுகோல் ஒன்றே என்பதால் டெக்சாஸின் ஹூஸ்டன் எண்ணையும் லூசியானாவின் லேக் சார்ல்ஸ் எண்ணையும் தயங்காமல் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அலைநீளம் வேறுபடும் ரேடார்களைச் சேர்க்கும்போது இதன் அருமை இன்னும் கூடுகிறது: 10 சென்டிமீட்டர் ரேடாரும் 5 சென்டிமீட்டர் ரேடாரும் ஒரே கூட்டத்துக்கு வெவ்வேறு எதிரொலி வலிமையை (டெசிபல்) காட்டும், அவற்றை அப்படியே ஒட்டினால் எல்லையில் பறவைகள் திடீரெனப் பெருகியதுபோல் இருக்கும்.

இந்த வழிக்குக் குறைகளும் உண்டு. ரேடார்களுக்கு இடையே நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர்கள் வெறும் இடைக்கணிப்புதான், அதாவது இரு பக்க எண்களை வைத்து நடுவில் உள்ளதை ஊகிப்பது. பறவைகளிலிருந்து மழையைப் பிரிக்க, 2019-இல் வந்த மிஸ்ட்நெட் என்ற இயந்திரக் கற்றல் நிரல் பெரிதும் உதவுகிறது. பூச்சிகளைப் பிரிப்பது இன்னும் கடினம். மலைப்பகுதி ரேடார்களில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை, அங்கே என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விடியலில் அடைவிடத்திலிருந்து வளையமாக எழும் ஊதா மார்ட்டின் (தகைவிலான் இனப் பறவை) கூட்டங்கள்தான் உங்கள் இலக்கு என்றால் மட்டும் படங்களையே பாருங்கள். உயரவாரிச் சராசரியில் அந்த வளையம் கரைந்துவிடும்.