அறக்கட்டளை வைப்பதா, ஆண்டுதோறும் கொடுப்பதா? துறை மாணவர்களுக்கான உதவித்தொகை பற்றி ஓர் அலசல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரே துறையில் முதுகலை படித்தவர்கள் நாங்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கூடியபோது, இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. ஐந்து லட்சம் ரூபாய் சேர்ந்தும் விட்டது. அதை எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் போட்டுப் பார்த்த கணக்கையும் இங்கே வைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கே இடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இரண்டுமே இளங்கலை, பட்டயப் படிப்புகளுக்கானவை. முதுகலைக்கு வந்ததும் அந்தப் பணம் நின்றுவிடுகிறது. ஆய்வாளர்கள் நிலை இன்னும் கடினம். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதே ஆய்வறையில் அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கு எந்த உதவித்தொகையும் இல்லாமல் இருக்கலாம். மெஸ் பில், தேர்வுக் கட்டணம், களப்பணிக்கான பஸ் செலவு, ஆய்வேடு அச்சிடும் செலவு என்று சிறு சிறு தொகைகளில்தான் படிப்பு தடுமாறுகிறது.

எங்களில் பலருடைய ஆசை அறக்கட்டளைதான். துறையின் பெயரில் ஒரு தொகையைப் போட்டுவைத்தால் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளைக்கு உதவி போகும், முதல் கரையாது, மறைந்த எங்கள் பேராசிரியரின் பெயரும் நிலைக்கும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன், எனக்கும் அந்த ஆசிரியர்மேல் அவ்வளவு அன்பு உண்டு. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஐந்து லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 32,500 ரூபாய். இன்று ஒருவருடைய ஓராண்டு விடுதிச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அது சரியாக இருக்கும். விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டே ஆண்டில் அதன் மதிப்பு பாதியாகிவிடும். நாங்கள் படித்த காலத்தில் அறக்கட்டளைப் பரிசாகக் கிடைத்த 500 ரூபாய் ஒரு மாத மெஸ் பில்லைத் தாங்கியது. அதே பரிசு இன்றும் அதே 500 ரூபாயாக வழங்கப்படுகிறது.

வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே வந்தால் இந்தத் தேய்மானம் குறையும். அதற்கு முதல் பெரிதாக இருக்க வேண்டும். ஐம்பது லட்சம் இருந்தால் நானே அறக்கட்டளைக்குக் கை தூக்குவேன். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: துறைக்குக் கொடுப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் போகிறது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமானவரித் துறை முடக்கியபோது, அன்றாடச் செலவுக்கே நிர்வாகம் திண்டாடியது. தனிக் கணக்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

நேரடியாக ஒரு மாணவருக்குக் கட்டணம் கட்டுவது மிக வேகமான வழி. இன்று கேட்டால் நாளை ஜிபேயில் போய்விடும். எங்கள் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு பெண்ணைப் படிக்க வைத்தார். இரண்டாம் ஆண்டில் அவருக்கே வேலை போனது. அந்தப் பெண் கேட்கவும் கூசி, சொல்லவும் முடியாமல் தவித்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து அனுப்ப வேண்டிய கடமை வேறு. கொடுப்பவரும் வாங்குபவரும் முகம் தெரிந்தவர்களாக இருப்பது எனக்கு உறுத்துகிறது. நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி எனும் வருமானவரிச் சலுகையும் இதற்குக் கிடையாது.

வெளித் தொண்டு அமைப்பிடம் கொடுக்கலாம் என்றால், 2006-இல் தொடங்கிய அகரம் உடனே நினைவுக்கு வருகிறது. வீடு தேடிப் போய்ப் பார்த்துத் தேர்வு செய்வதும், சேர்ந்த பிறகு கூடவே நின்று வழிகாட்டுவதும் எந்தத் துறை அலுவலகத்தாலும் முடியாத வேலை. பள்ளி முடித்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு என் பணம் போக வேண்டுமென்றால் அங்கேதான் கொடுப்பேன். எங்கள் துறையின் ஆய்வு மாணவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

மிச்சம் இருப்பது, முதலைப் பூட்டிவைக்காமல் துறை வழியாகவே ஆண்டுக்கு ஒரு லட்சமாக ஐந்து ஆண்டு செலவழிப்பது. ஆண்டுக்கு மூன்று பேர், மொத்தம் பதினைந்து உதவிகள். அறக்கட்டளை வழியில் அதே ஐந்து ஆண்டில் ஐந்துதான் முடியும். யார் மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார், யார் கட்டணத் தேதி நெருங்கினால் வகுப்புக்கு வருவதில்லை என்பது வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குத் தெரியும். அந்த அறிவுதான் துறையின் பெரிய சொத்து. நான் இந்தப் பக்கம்தான். ஐந்தாம் ஆண்டோடு பணம் தீர்ந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. அதற்குள் எங்களுக்குப் பின் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும்.

வரி விஷயத்தில் சுருக்கமாக: பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே 80ஜி உதவும். பெறும் நிறுவனத்துக்கு அந்தப் பதிவு இருந்து நன்கொடைச் சான்றும் தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தடையின்றித் தரலாம். குடியுரிமை மாறியவர்கள் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், அதற்குத் தனி விதிகள்.

துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுக்க ஐந்து நிபந்தனைகள் தயார் செய்திருக்கிறேன்: முதல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, தேர்வு செய்யும் மூவரில் ஒருவர் ஆசிரியையாக இருக்க வேண்டும், தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதிக்கு முன்பே பணம் கைக்குப் போய்ச் சேர வேண்டும், பெயரை எங்களிடமும் சொல்ல வேண்டாம், மேடையில் ஏற்றிக் காசோலை கொடுத்துப் படம் எடுக்கவும் வேண்டாம்.