பிரஸ் அருமை, ப்ரைமர் தட்டு படுமோசம்

டெக்ஸாஸில் இருக்கும் நண்பர் கேட்டார்: "அந்த சிங்கிள்-ஸ்டேஜ் பிரஸ் விலை இறங்கியிருக்கே, ரீலோடிங்குக்கு வாங்கலாமா?" ரீலோடிங் என்றால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை (கேஸ்) மறுபடி நிரப்புவது; சிங்கிள்-ஸ்டேஜ் பிரஸ் அதை ஒரு நேரத்தில் ஒரு படியாகச் செய்யும் நெம்புகோல் கருவி. வார்ப்பிரும்பு ஓ-ஃபிரேம் (O வடிவச் சட்டம்), கேஸை அளவுக்கு அழுத்தும் அச்சான டையைத் திருகும் 7/8-14 மரை என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராகக் குறைக்கு வருகிறேன்.

சுட்ட கேஸை டைக்குள் ஏற்றினால் ஊசி பழைய ப்ரைமரை (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளும். அது ராமின் (கேஸைத் தூக்கும் தண்டு) பக்கப் பிளவு வழியே சரிந்து பிளாஸ்டிக் தட்டில் விழவேண்டும். விழுகிறது, பெரும்பாலும். மீதி தட்டின் விளிம்பில் பட்டுத் துள்ளி மேசைக்கடியில் ஓடுகிறது. ப்ரைமராவது பொறுக்கி எடுக்கலாம். கூடவே கொட்டும் கரிதான் தொல்லை. ராமின் எண்ணெயோடு சேர்ந்தால் வண்டிமசை மாதிரி ஒட்டிக்கொண்டு உலோகத்தைத் தேய்க்கும். சாதாரண ப்ரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் இருப்பதால் அந்தக் கரியில் ஈயமும் உண்டு. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கார்ப்பெட் போட்ட அறையில் இந்த வேலையே வேண்டாம். ராமின் நடுவே துளையிட்டு, குழாய் வழியாக ப்ரைமரைப் புட்டிக்குள் இறக்கும் பிரஸ்கள் கடையில் இருக்கும்போது, இந்தத் தட்டை இன்னும் மாற்றாமல் விற்பது சோம்பேறித்தனம்.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். ரீலோடிங்கில் இறங்குகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் காசு. 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டாவில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. .308 வின்செஸ்டர் ரைஃபிளின் போட்டித் தோட்டாவில் மிஞ்சும், ஏனென்றால் விலை கூடிய பகுதியான பித்தளைக் கேஸ் திரும்பத் திரும்பப் பயன்படும். மிஞ்சும் காசுக்கும் கூடுதலாகச் சுட்டுத் தீர்ப்பார்கள் என்பது வேறு கதை.

உண்மையான காரணம், தன் துப்பாக்கியின் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) அளவெடுத்துச் செய்வது. போல்ட் துப்பாக்கியில் (கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) சுட்ட கேஸின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். அதிகம் தள்ளினால் ஒவ்வொரு முறையும் பித்தளை நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெலிந்து ஒருநாள் அறுந்துவிடும். முனை வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டு இழுத்தால் அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். தட்டினால் கேஸைத் தூக்கிப் போடுங்கள். இந்த பிரஸின் இரும்பு வளைந்து கொடுப்பதே இல்லை. லூப் (கேஸில் தடவும் மசகு) ஒரே சீராகப் பூசினால் தோள் அளவு கேஸுக்குக் கேஸ் மாறாது. லூப் குறைந்தால் கேஸ் டைக்குள் சிக்கும், கூடினால் தோளில் குழி விழும்.

டிரிம்மிங்கை, அதாவது நீண்ட கேஸின் வாயை வெட்டுவதை, மறக்காதீர்கள். .308 கேஸின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. நீண்டு போன கழுத்து சேம்பர் முனையில் இடித்து புல்லட்டைக் கவ்வினால் அழுத்தம் எகிறும். பவுடர் (வெடிமருந்து) அளவை இணையத்தில் யாரோ சொன்னதை நம்பி எடுக்காதீர்கள். அச்சிட்ட மேனுவலின் தொடக்க அளவிலிருந்து போங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பாதான் இருக்கவேண்டும்.

தட்டுத் தொல்லைக்கு மாற்றுவழி ஒன்று உண்டு: கையடக்க டீகேப்பிங் கருவியால் ப்ரைமரைத் தனியே எடுத்து, கேஸைக் கழுவிக் காயவைத்த பிறகே பிரஸில் ஏற்றுவது. புது ப்ரைமரையும் கைக்கருவியிலேயே அழுத்துங்கள்; பிரஸின் நெம்புகோலில் அது உட்காரும் உணர்வே கையில் தெரியாது.

ஆக, விலை இறங்கினாலும் வாங்காதீர்கள், துளை ராம் உள்ளதையே பாருங்கள். என்னுடையதைத் தள்ளிவிடுவீர்களா என்று மட்டும் கேட்கவேண்டாம், தரமாட்டேன்.