மூன்றாண்டுத் தனிநபர் கடன்: கட்டி முடித்தபின் எழுதுவது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக் கூரையை மாற்ற 2022 ஜூனில் மூன்று லட்ச ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன். 2025 ஜூனில் கடைசித் தவணை போனது. முழுக்கக் கட்டி முடித்தவன் சொல்வது, கடன் தேடி அலைகிற ஒருவருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் அவசரம் என்றால் முதலில் நகைதான் அடகுக்குப் போகும். வட்டியும் குறைவு. ஆனால் மகளுக்கென்று வைத்திருந்ததைத் தொட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

விசாரித்ததில் இரண்டு இடங்கள் தேறின. பொள்ளாச்சியில் கிளை வைத்திருந்த ஒரு நிதி நிறுவனம் ஆண்டுக்கு 9 சதவீதம் என்றது. "முக்கால் வட்டிதான் அண்ணா, இதற்குக் குறைவாக யார் கொடுப்பார்கள்?" என்றார் முகவர். மாதம் நூற்றுக்கு முக்கால் ரூபாய் என்று கணக்கு. என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 12 சதவீதம். சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலாவதற்கே கை காட்டினார்கள். நான் இரண்டு இடத்திலும் மாதத் தவணையைக் கேட்டேன். 36 மாதத்துக்கு நிறுவனம் சொன்னது 10,583 ரூபாய். வங்கி சொன்னது 9,964.

வட்டி குறைந்த இடத்தில் தவணை கூடியதற்குக் காரணம் ஃபிளாட் வட்டி. அசலில் பாதியை அடைத்த பிறகும் முழு மூன்று லட்சத்துக்கே வட்டி ஓடும். ஆண்டுக்கு 27,000, மூன்றாண்டுக்கு 81,000. வங்கியோ மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடுகிறது. மொத்தம் ஏறத்தாழ 58,700. அந்த முக்கால் வட்டியை வங்கி கணக்கிடும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் 16 சதவீதத்தைத் தாண்டுகிறது! தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறவர்களிடமும் இதே 9 சதவீதத்தைத்தான் சொல்லி விற்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஐந்தாண்டாக நீட்டினால் தவணை 6,673 ஆகும் என்று வங்கியிலும் ஆசை காட்டினார்கள். அப்போது வட்டி மட்டுமே ஒரு லட்சத்தைத் தொடும். சம்பளம் தாங்குமென்றால் குறைந்த காலமே நல்லது.

என்னுடையது நிலையான வட்டி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம், நான் கடன் வாங்கியபோது 4.90 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.50 வரை ஏறியது. அதோடு சேர்ந்து மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கிய சக ஆசிரியர்கள் தவித்தார்கள். என் தவணையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. நிலையான வட்டியின் மறுபக்கம், முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டு. கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, அந்தக் கட்டணத்தையும் மிச்சமாகும் வட்டியையும் ஒப்பிட்டேன். பெரிய லாபமில்லை, விட்டுவிட்டேன்.

கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றிதழை எழுத்தில் வாங்கினேன். பிறகு கடன் தகவல் அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தேன். நம் கடன்களைப் பதிந்து வைக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகவே தர வேண்டும். இதற்குப் பணம் கேட்கும் செயலிகளை நாட வேண்டியதில்லை.

ஒரு நல்ல ஏற்பாடு இப்போது இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், தனிநபர் கடன்களுக்கு கே.எஃப்.எஸ். என்ற விவரத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு, அதாவது ஏ.பி.ஆர்., அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். மலையாளம் பேச வந்தாலும் வாசிக்கத் திணறுகிற நம்மைப் போன்றவர்கள் கூச்சப்படாமல் தமிழில் கேட்கலாம்.

சென்ற ஆண்டு என் மைத்துனர் இரண்டு லட்சம் கடன் கேட்டபோது சொல்லப்பட்ட வட்டி 11.5 சதவீதம். தாளில் ஏ.பி.ஆர். 13 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான் காரணம். அந்த ஏ.பி.ஆர். எண்ணைக் காட்டிப் பேசினோம். மேலாளர் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்.